செயின்ட் அகஸ்டின் கல்கோட்டை: போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புளோரிடாவின் கிழக்குக் கரையில், ஜாக்சன்வில்லுக்குத் தெற்கே இருக்கிறது செயின்ட் அகஸ்டின். 1565-இல் ஸ்பானியர்கள் அமைத்த ஊர். அங்கே கழிமுகத்தை ஒட்டி அவர்கள் கட்டிய கோட்டையின் பெயர் காஸ்டிலோ டி சான் மார்கோஸ். அமெரிக்காவின் கண்டப் பகுதியில் இன்றும் நிற்கிற கல்கோட்டைகளில் இதுதான் மிகப் பழையது. அமெரிக்காவில் இருக்கிற நண்பர்களும், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வருகிற பெற்றோர்களும் கிளம்பும் முன் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டிக்கெட், பார்க்கிங் எல்லாம் உண்டு. ஆனால் அந்தச் சுவர்களுக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் மேல்தளத்தில் பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டு அது தெரியாமலே திரும்பிவிடுகிறார்கள்.

ஒரு கோட்டைக்காக அவ்வளவு தூரம் போகலாமா?

போகலாம். டிஸ்னி பார்க்க ஆர்லாண்டோ வருகிறவர்களுக்கு அங்கிருந்து சுமார் இரண்டு மணி நேரக் கார் பயணம்தான். கோட்டை பெரியது என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். செஞ்சியையோ வேலூரையோ மனதில் வைத்துக்கொண்டு போனால் "இவ்வளவுதானா" என்று தோன்றும். நடுவே ஒரு சதுர முற்றம், நான்கு பக்கமும் அறைகள், நான்கு மூலையிலும் கொத்தளம், மேலே பீரங்கித் தளம், அவ்வளவுதான் கட்டடம். ஆனால் இந்தச் சின்னக் கட்டடத்துக்குள் ஸ்பெயின், இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் ஆட்சியும், உள்நாட்டுப் போரும், தங்கள் நிலத்தை இழந்த பழங்குடிகளின் சிறைவாசமும் அடுக்கடுக்காக இருக்கின்றன. கதை தெரிந்துகொண்டு போனால் அரை நாள் போதாது.

எப்படிப் போவது? வண்டியை எங்கே நிறுத்துவது?

ஜாக்சன்வில் விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம். ஐ-95 நெடுஞ்சாலையில் வந்து ஊருக்குள் திரும்ப வேண்டும். கார் இல்லாமல் போவது கஷ்டம்.

கோட்டையை ஒட்டியே ஒரு சிறிய கட்டண நிறுத்துமிடம் இருக்கிறது, காலையிலேயே நிரம்பிவிடும். அதில் இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருக்காமல், சில நிமிட நடையில் இருக்கிற நகராட்சியின் அடுக்குமாடி நிறுத்துமிடத்துக்கு நேரே போய்விடுங்கள். பழைய ஊர் முழுக்க நடந்தே பார்க்கலாம், வண்டியை மறுபடி எடுக்கத் தேவையில்லை.

டிக்கெட் எவ்வளவு? முன்பதிவு வேண்டுமா?

பெரியவர்களுக்கு 15 டாலர், 15 வயது வரை இலவசம். ஒரு டிக்கெட் ஏழு நாள் செல்லும், அதனால் முதல் நாள் வெயில் தாங்கவில்லை என்றால் மறுநாள் காலையில் மறுபடி போகலாம். தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு பாஸ் வைத்திருந்தால் அதைக் காட்டினால் போதும். பணமாக வாங்குவதில்லை, கார்டு கொண்டு போங்கள். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்பும் முன் தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. அமெரிக்க நன்றியறிதல் நாளிலும் கிறிஸ்துமஸ் அன்றும் மூடியிருக்கும்.

எந்த மாதம் நல்லது? எந்த நேரம்?

நவம்பர் முதல் மார்ச் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னை வெயிலும் ஈரமும் அங்கேயும் அப்படியே இருக்கும், கூடவே பிற்பகலில் இடி மின்னல் மழை. மின்னல் வந்தால் பீரங்கித் தளத்தை மூடிவிடுவார்கள், கீழே இறங்கச் சொல்வார்கள். மேலே நிழல் என்று எதுவும் கிடையாது. எந்த மாதமாக இருந்தாலும் காலை 9 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் அறைகள் காலியாக இருக்கும், கல்லை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை ஊர் முழுக்க விளக்கு அலங்காரம் இருக்கும். அழகுதான், ஆனால் அந்த வார இறுதிகளில் ஊருக்குள் நுழையவே வெகு நேரம் ஆகும்.

சுவரில் கிளிஞ்சல் கிளிஞ்சலாகத் தெரிகிறதே, அது என்ன கல்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இந்தக் கோட்டையின் உயிரே அந்தக் கல்லில்தான் இருக்கிறது.

அதன் பெயர் கோக்கினா. கடற்கரையில் செத்துப்போன சின்னச் சின்னச் சிப்பிகளின் ஓடுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குவிந்து, மழைநீர் இறங்க இறங்க அதில் கரைந்த சுண்ணாம்பே பசையாகி, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையானது. கிட்டே போய்ப் பார்த்தால் பொரி உருண்டை மாதிரி இருக்கும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே ஏகப்பட்ட இடைவெளி. எதிரே தெரிகிற அனஸ்தாசியா தீவில் இதை வெட்டி எடுத்தார்கள். தரையில் இருக்கும்போது ஈரமாக, மென்மையாக இருக்கும், கோடரியாலும் கடப்பாரையாலும் வெட்டிவிடலாம். வெட்டியதைக் காயவிட்டால் இறுகும். காய்ந்த கல்லைப் படகில் ஏற்றி மட்டான்சாஸ் கழியைக் கடந்து கொண்டுவந்தார்கள். கல்லை ஒட்ட வைத்த சாந்தும் கிளிஞ்சல் சுண்ணாம்புதான், ஆளிச் சிப்பிகளைச் சூளையில் சுட்டு எடுத்தது.

இவ்வளவு மென்மையான கல்லில் கோட்டை கட்டினால் பீரங்கிக் குண்டுக்குத் தாங்குமா என்று கட்டியவர்களுக்கே நிச்சயமாகத் தெரியாது. வேறு கல் புளோரிடாவின் அந்தக் கரையில் கிடையாது, அதனால் கட்டினார்கள். பிறகு உண்மையில் குண்டுகள் வந்து விழுந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கருங்கல்லாக இருந்தால் அடி விழுந்த இடத்தில் விரிசல் ஓடும், சில்லு சில்லாகத் தெறிக்கும், அந்தச் சில்லே உள்ளே இருக்கிறவனைக் கொல்லும். கோக்கினாவில் உள்ளே இருக்கிற இடைவெளிகள் நசுங்கி அடியை வாங்கிக்கொண்டன. குண்டு சில அங்குலம் உள்ளே போய் அப்படியே செருகிக்கொண்டது, இல்லாவிட்டால் கீழே விழுந்தது. சுவர் நின்றது. கடல் பக்கச் சுவரில் அந்தக் குழிகளை இன்றும் பார்க்கலாம், வெளியே சுற்றி வருகிறபோது தவறவிடாதீர்கள்.

இன்னொன்று. இன்றைக்குச் சாம்பல் நிறத்தில் இருக்கிற இந்தச் சுவர்கள் அந்தக் காலத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சோடு, மூலைகளில் இருக்கிற காவல் கூண்டுகள் சிவப்பாக இருந்தன. கடலில் வருகிற கப்பலுக்கு இது ஸ்பெயினின் கோட்டை என்று தூரத்திலேயே தெரியும்.

ஏன் இங்கே கட்டினார்கள்? யார் கட்டினார்கள்?

மெக்சிகோவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வெள்ளியும் தங்கமும் ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குத் திரும்பும் கப்பல்கள் புளோரிடாக் கரையை ஒட்டி ஓடுகிற கடல் நீரோட்டத்தைப் பிடித்துத்தான் வடக்கே போயாக வேண்டும். அந்த வழியைக் காக்க ஒரு காவல் ஊர் வேண்டியிருந்தது. அப்படித்தான் பெட்ரோ மெனெண்டெஸ் என்ற தளபதி 1565-இல் செயின்ட் அகஸ்டினை அமைத்தார். ஆனால் முதல் நூறு ஆண்டுகளுக்கு மரக்கோட்டைதான். ஒன்று உளுத்துப்போகும், ஒன்று எரியும், இன்னொன்று கட்டுவார்கள், இப்படி ஒன்பது. 1586-இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் டிரேக் வந்து ஊரையே எரித்தார். 1668-இல் ராபர்ட் சேர்ல் என்ற கடற்கொள்ளைக்காரன் நள்ளிரவில் இறங்கி, கண்ணில் பட்டவர்களையெல்லாம் கொன்று, ஊரைச் சூறையாடிவிட்டுப் போனான். அப்புறம்தான், 1669-இல், ஸ்பெயின் அரசி மரியானா கல்கோட்டைக்குப் பணம் ஒதுக்கினார். அடுத்த ஆண்டே, 1670-இல், வடக்கே சார்ல்ஸ்டனில் ஆங்கிலேயர்கள் குடியேறினார்கள்.

ஹவானாவிலிருந்து வந்த பொறியாளர் இக்னாசியோ தாசா வரைபடம் போட்டார். 1672 அக்டோபரில் வேலை தொடங்கி 1695-இல் முடிந்தது. 23 ஆண்டுகள்.

கைடுகள் பொறியாளர் பெயரைச் சொல்வார்கள், ஆளுநர்கள் பெயரைச் சொல்வார்கள். கல்லைச் சுமந்தவர்கள் யார் என்று நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள். ஹவானாவிலிருந்து கொத்தனார்களும் கல்தச்சர்களும் வந்தார்கள், சரி. ஆனால் கல் வெட்டியது, இழுத்தது, சுண்ணாம்பு சுட்டது எல்லாம் பெரும்பாலும் அந்த மண்ணின் மக்கள்தான். குவாலே, திமுகுவா, அப்பலாச்சி என்று மூன்று இனங்கள். பாதிரிமார்களின் குடியிருப்புகளிலிருந்து முறை வைத்து ஆட்களை அனுப்ப வேண்டும் என்பது அன்றைய சட்டம். அப்பலாச்சிகள் இன்றைய டல்லஹாசி பக்கத்திலிருந்து, ஏறத்தாழ 200 மைல், நடந்தே வந்தார்கள். கூலி ஒன்று கொடுத்தார்கள், மக்காச்சோளமும் கொடுத்தார்கள், ஆனால் மறுக்கிற உரிமை அவர்களுக்கு இல்லை. கூடவே ஸ்பெயின் அரசுக்குச் சொந்தமான ஆப்பிரிக்க அடிமைகளும், தண்டனைக் கைதிகளும் வேலை செய்தார்கள். நோயும் போரும் அடிமை வேட்டையும் சேர்ந்து அந்த மூன்று இனங்களையும் அழித்த கதை கொடூரமானது. 1763-இல் ஸ்பானியர்கள் ஊரைக் காலி செய்து கியூபாவுக்குப் போனபோது அவர்களோடு கப்பலேற மிஞ்சியிருந்த பழங்குடிகள் நூறு பேருக்கும் குறைவு. சுவரில் கை வைக்காமல் கிட்டே நின்று பாருங்கள், ஒவ்வொரு கல்லும் ஒரு ஆள் வெட்டிய அளவுதான் இருக்கிறது.

கோட்டை ஏன் நட்சத்திரம் மாதிரி இருக்கிறது? அகழியில் தண்ணீர் இல்லையே?

பீரங்கி வந்த பிறகு ஐரோப்பாவில் கோட்டை கட்டும் முறையே மாறியது. உயரமான வட்டக் கோபுரம் இருந்தால் அதன் அடியில் ஒட்டி நிற்கிறவனை மேலே இருந்து சுட முடியாது. அதனால் நான்கு மூலையிலும் கூர்முனையாக வெளியே நீட்டிக் கொத்தளம் கட்டினார்கள். ஒரு கொத்தளத்தில் நிற்கிறவன் பக்கத்துக் கொத்தளத்தின் சுவரடியைப் பார்க்கலாம், சுடலாம். எதிரி ஒளிய ஒரு மூலைகூட இல்லை. சான் பெட்ரோ, சான் அகஸ்டின், சான் கார்லோஸ், சான் பாப்லோ என்று நான்குக்கும் புனிதர்கள் பெயர். வடகிழக்கில் இருக்கிற சான் கார்லோஸ் மீது மட்டும் ஒரு உயரமான கண்காணிப்புக் கோபுரம் உண்டு, அங்கிருந்து கழிமுகத்தின் வாய் நன்றாகத் தெரியும்.

அகழி வறண்ட அகழியாகவே இருந்தது. முற்றுகை வந்தால் ஊர்க்காரர்களின் ஆடு மாடுகளை அதில் விட்டுக் காப்பாற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டில் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பல வருடம் தண்ணீர் விட்டு வைத்திருந்து, அது சுவருக்குக் கேடு என்று தெரிந்து 1990-களில் வடித்துவிட்டார்கள். நல்ல முடிவு.

உண்மையில் சண்டை நடந்ததா?

இரண்டு பெரிய முற்றுகைகள். இரண்டிலும் கோட்டை விழவில்லை.

முதலாவது 1702-இல். வடக்கே இருந்த ஆங்கிலேயக் குடியேற்றமான கரோலைனாவின் ஆளுநர் ஜேம்ஸ் மூர் படையோடு வந்தார். ஸ்பானிய ஆளுநர் சூனிகா ஊரில் இருந்த அத்தனை பேரையும் கோட்டைக்குள் வரச் சொன்னார். சிப்பாய்களும் குடும்பங்களுமாகச் சுமார் 1,500 பேர், ஏறத்தாழ இரண்டு மாதம். நீங்கள் முற்றத்தில் நிற்கும்போது இந்த எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள். நானூறு பேர் சுற்றுலா வந்தாலே நெரிசலாகத் தெரிகிற இடம் அது. கிணறுகள் உள்ளேயே இருந்தன, கடல் ஏறி இறங்கும்போது தானாகக் கழுவிக்கொண்டு போகிற கழிப்பறை இருந்தது, இவை இரண்டும் இல்லாவிட்டால் குண்டுக்கு முன்னால் நோயே எல்லாரையும் முடித்திருக்கும். மூரின் பீரங்கிகள் சிறியவை, சுவரை ஒன்றும் செய்யவில்லை. ஜமைக்காவிலிருந்து பெரிய பீரங்கி வரும் என்று காத்திருந்தார். வந்ததோ ஹவானாவிலிருந்து ஸ்பானியக் கப்பல்கள். மூர் தன் கப்பல்களையே கொளுத்திவிட்டுத் தரை வழியே திரும்பினார், போகும்போது ஊரையும் எரித்தார். கோட்டையை விட்டு வெளியே வந்தவர்களுக்கு உயிர் இருந்தது, வீடு இல்லை.

அதற்குப் பிறகுதான் கோட்டையை மாற்றிக் கட்டினார்கள். உள்ளே இருந்த மரக்கூரைகளை எடுத்துவிட்டு 1738-இலிருந்து கல் வளைவுக் கூரைகள் போட்டார்கள், சுவரை 26 அடியிலிருந்து 33 அடிக்கு உயர்த்தினார்கள். முன்பு கொத்தளங்களில் மட்டும் நின்ற பீரங்கிகளை இப்போது மேல்தளம் முழுக்க நிறுத்த முடிந்தது. நீங்கள் இன்று நடக்கிற மேல்தளம் அந்த வேலைதான்.

1740-இல் இன்னொரு ஆங்கிலேயக் குடியேற்றமான ஜார்ஜியாவின் தலைவர் ஓகல்தார்ப் படையோடு வந்தார். எதிர்த் தீவில் பீரங்கிகளை வைத்துக் கிட்டத்தட்ட ஒரு மாதம் அடித்தார். ஆளுநர் மொண்டியானோ தாக்குப்பிடித்தார். தெற்கே மட்டான்சாஸ் கழிமுகம் வழியாக ஹவானாவிலிருந்து உணவு வந்து சேர்ந்தது, ஓகல்தார்ப் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு கொடி மாறியதெல்லாம் ஒப்பந்தத்தால். 1763-இல் ஹவானாவைத் திரும்பப் பெறுவதற்காக ஸ்பெயின் புளோரிடாவையே இங்கிலாந்துக்குக் கொடுத்தது. 1780-களில் திரும்ப வாங்கியது. 1821-இல் அமெரிக்காவுக்குப் போனது. 1861-இல், உள்நாட்டுப் போருக்குச் சற்று முன், அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென் மாநிலப் படை வந்தபோது உள்ளே காவலுக்கு இருந்தது ஒரே ஒரு சார்ஜண்ட், அவர் ரசீது எழுதிக் கொடுத்தால்தான் சாவியைத் தருவேன் என்று சொல்லி, ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்தார். அடுத்த ஆண்டே சண்டை இல்லாமல் அமெரிக்க அரசின் கைக்குத் திரும்ப வந்தது.

இது சிறையாகவும் இருந்ததாமே?

இருந்தது. நீண்ட காலம். இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்கர்கள் கோட்டையின் பெயரை 1825-இல் ஃபோர்ட் மேரியன் என்று மாற்றினார்கள், 1942 வரை அதுதான் பெயர். பழங்குடிகளின் நினைவில் இந்த இடம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

1837-இல் புளோரிடாவின் பழங்குடிகளான செமினோல்களின் தலைவர் ஆசியோலா பேச்சுவார்த்தைக்கு வெள்ளைக் கொடியோடு வந்தார். அமெரிக்க ராணுவ ஜெனரல் ஜெசப்பின் உத்தரவில் அந்தக் கொடியின் கீழேயே அவரைப் பிடித்து இங்கே அடைத்தார்கள். அமெரிக்கச் செய்தித்தாள்களிலேயே அன்று கண்டனம் எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் கோவாகூச்சி என்ற இன்னொரு தலைவரும் சுமார் இருபது பேரும் இரவில் தப்பித்தார்கள். சுவரில் மிக உயரத்தில் இருக்கிற ஒரு குறுகலான காற்றுத் துளை வழியாக, பட்டினி கிடந்து உடம்பை இளைக்க வைத்து, கயிறு திரித்து இறங்கினார்கள் என்பது அவர் தரப்பில் சொல்லப்பட்ட கதை. ஆசியோலா அவர்களோடு போகவில்லை, உடல்நிலை மோசமாக இருந்தது. சார்ல்ஸ்டன் பக்கம் ஃபோர்ட் மோல்ட்ரிக்கு மாற்றப்பட்டு 1838 ஜனவரியில் இறந்தார்.

1875-இல் மேற்குச் சமவெளிகளிலிருந்து செயன், கயோவா, கோமாஞ்சி, அராபஹோ இனங்களைச் சேர்ந்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களைச் சங்கிலியில் கொண்டுவந்தார்கள். விசாரணை எதுவும் கிடையாது. கடலையே பார்த்திராத மனிதர்கள். மூன்று ஆண்டுகள். பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் பிராட் என்ற அதிகாரி அவர்கள் முடியை வெட்டினார், ராணுவச் சீருடை போட வைத்தார், ஆங்கிலம் கற்றுக் கொடுத்தார். கணக்குப் புத்தகத் தாள்களில் அவர்கள் படம் வரைந்தார்கள். ஹவ்லிங் வுல்ஃப், சோட்டோம் போன்றவர்கள் வரைந்த எருமை வேட்டையும், குதிரைகளும், ரயில் பயணமும், இந்தக் கோட்டையும் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அன்றைக்கு அவற்றைச் சுற்றுலாப் பயணிகள் சில டாலருக்கு வாங்கிப் போனார்கள். இங்கே செய்து பார்த்ததை வைத்துத்தான் பிராட் 1879-இல் பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, மொழியையும் பெயரையும் மாற்றிய உறைவிடப் பள்ளிகளுக்கெல்லாம் அதுதான் முன்மாதிரி.

1886-இல் அப்பாச்சிகள் வந்தார்கள், ஏறத்தாழ 500 பேர், பெரும்பகுதி பெண்களும் குழந்தைகளும். அப்பாச்சித் தலைவர்களில் ஒருவரான ஜெரோனிமோவை வேறு கோட்டையில் வைத்துக்கொண்டு அவர் குடும்பத்தை இங்கே வைத்தார்கள். அறைகளில் இடமில்லாமல் மேல்தளத்தில் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார்கள். நோயில் பலர் செத்தார்கள், குழந்தைகளில் ஒரு பகுதியை ரயிலேற்றிக் கார்லைலுக்கு அனுப்பினார்கள். நீங்கள் பீரங்கியோடு படம் எடுக்கிற அதே தளம்.

அறைகளில் இதைப் பற்றிய விளக்கப் பலகைகள் இருக்கின்றன. நின்று படியுங்கள். பிள்ளைகளுக்கும் அவர்கள் வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள்.

ரகசிய அறை, எலும்புக்கூடு, பேய் என்றெல்லாம் சொல்கிறார்களே?

வடகிழக்கு மூலையில் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து நுழைகிற ஒரு இருட்டறை இருக்கிறது. வெடிமருந்து வைக்கக் கட்டியது. காற்றோட்டம் இல்லாமல் ஈரம் பிடித்து மருந்து வீணாகும் என்பதால் கைவிட்டு, பின்னால் அடைத்துவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுபடி கண்டுபிடித்தபோது கதைகள் கிளம்பின: சங்கிலியில் காதலர்கள், வாசனைத் திரவியம், இப்படி. இரவு நேரப் பேய்ச் சுற்றுலா நடத்துகிறவர்கள் அதைத்தான் விற்கிறார்கள். அந்தப் பணத்தையும் நேரத்தையும் அடுத்த கேள்வியில் சொல்கிற இடத்துக்குச் செலவிடுங்கள்.

ஃபோர்ட் மோசே என்பது என்ன? அதுவும் இதே கோட்டையா?

தனி இடம், இரண்டு மைல் வடக்கே. கரோலைனாவின் ஆங்கிலேயத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் தப்பித்துத் தெற்கே ஓடிவந்தார்கள். கத்தோலிக்கராக மாறினால் விடுதலை என்று 1693-இல் ஸ்பெயின் அரசர் ஆணையிட்டார். ஆங்கிலேயருக்குத் தொல்லை கொடுப்பதும் அதில் ஒரு நோக்கம்தான், ஆனால் சதுப்பையும் காட்டையும் கடந்து ஓடி வந்தவர்களுக்குக் கிடைத்தது உண்மையான விடுதலை. 1738-இல் அவர்களுக்கென்று ஊருக்கு வடக்கே ஒரு குடியிருப்பும் சிறு கோட்டையும் அமைந்தன. இன்றைய அமெரிக்க எல்லைக்குள் சட்டப்படி அமைந்த முதல் சுதந்திரக் கறுப்பின ஊர் அது. படைத் தலைவர் பிரான்சிஸ்கோ மெனெண்டெஸ், ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். 1740 முற்றுகையில் ஓகல்தார்ப்பின் ஆட்கள் மோசேயைப் பிடித்து வைத்திருந்தபோது, ஜூன் மாத விடியற்காலையில் இந்தப் படையும் ஸ்பானியர்களும் பழங்குடி வீரர்களும் சேர்ந்து அதைத் திரும்ப அடித்துப் பிடித்தார்கள். ஓகல்தார்ப்பின் படைக்கு விழுந்த பெரிய அடி அதுதான். கல்கோட்டை விழவில்லை என்று பெருமையாகச் சொல்லும்போது இவர்களைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பழைய கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை. இப்போது மாநிலப் பூங்கா, ஒரு அருங்காட்சியகமும் சதுப்பு நிலத்தின் மேல் மரப்பாலமும் இருக்கின்றன. அவசியம் போங்கள்.

பீரங்கி சுடுவதைப் பார்க்க முடியுமா?

வார இறுதிகளில் ஸ்பானியச் சிப்பாய் உடையில் தன்னார்வலர்கள் மேல்தளத்தில் சுட்டுக் காட்டுவார்கள். குண்டு இருக்காது, மருந்து மட்டும். ஸ்பானிய மொழியில் கட்டளை கொடுத்து, ஒவ்வொரு படியாகச் செய்வார்கள். சத்தம் பலமாக இருக்கும், கைக்குழந்தை இருந்தால் முற்றத்திலேயே நின்றுவிடுங்கள்.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா? குழந்தைகள்?

கீழ்த்தளத்துக்குச் சக்கர நாற்காலியில் போகலாம், முற்றமும் பெரும்பாலான அறைகளும் பார்த்துவிடலாம். மேல்தளத்துக்குக் கல் படிக்கட்டு மட்டும்தான், லிஃப்ட் கிடையாது. முட்டி வலி இருக்கிறவர்களை ஏறச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், வெளியே புல்வெளியில் கழியைப் பார்த்தபடி உட்காரவும் இடம் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். கேள்விகளுக்கு விடை தேடி அறை அறையாக ஓடுவார்கள், முடித்தால் பேட்ஜ் கொடுப்பார்கள். மேல்தளத்துச் சுவரின் மீது மட்டும் ஏற விடாதீர்கள். விழுந்தால் 33 அடி என்பது ஒரு காரணம், அந்தக் கல் தேய்கிறது என்பது இன்னொரு காரணம். பீரங்கிக் குண்டைத் தாங்கிய கல்லை லட்சக்கணக்கான கைகளும் செருப்புகளும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கின்றன. சாய்வது, உட்காருவது, கிளிஞ்சலை நோண்டி எடுப்பது எதுவும் கூடாது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கோட்டைக்குள் சாப்பிடக் கூடாது, தண்ணீர் கொண்டு போகலாம். வெளியே வந்து ரோட்டைத் தாண்டினால் பழைய நகர வாயில், அதற்குள் செயின்ட் ஜார்ஜ் தெரு, வரிசையாகக் கடைகள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பீட்சா, கியூபக் கறுப்பு பீன்ஸ் சோறு மாதிரி ஏதாவது கிடைத்துவிடும்.

காரம் வேண்டுமென்றால் டாட்டில் மிளகாய் என்று கேளுங்கள். இந்த ஊரின் அடையாளமே அதுதான். இன்று ஸ்பெயினில் இருக்கிற மினோர்கா தீவிலிருந்து 1768-இல் கூலி வேலைக்கு வந்து, முதலாளியின் கொடுமை தாங்காமல் 1777-இல் செயின்ட் அகஸ்டினுக்கு நடந்தே வந்து சேர்ந்தவர்களின் வழிவந்தவர்கள்தான் அதை இன்றும் வளர்க்கிறார்கள். சின்ன மஞ்சள் மிளகாய், முதலில் பழ வாசனை, பிறகு நல்ல காரம். பாட்டிலில் சாஸாக விற்கிறார்கள். நம் நாக்குக்குக்கூட உறைக்கும்.

ஒரே நாள்தான் இருக்கிறது. எந்த வரிசையில் பார்க்கலாம்?

காலை 9 மணிக்குக் கோட்டை. முதலில் நேரே மேல்தளம், வெயில் ஏறும் முன்னால். அங்கிருந்து கழிமுகம், எதிர்த் தீவு, கலங்கரை விளக்கம் மூன்றையும் பார்த்துவிட்டால் முற்றுகைக் கதை தானாகப் புரியும். அப்புறம் கீழே அறைகள், கடைசியில் வெளியே சுற்றிக் கடல் பக்கச் சுவர். இரண்டரை மணி நேரம் வையுங்கள். மதியம் வரை பழைய தெருக்கள். சாப்பிட்டுவிட்டு ஃபோர்ட் மோசே.

மாலையில் சிங்கப் பாலத்தைக் கடந்து அனஸ்தாசியா தீவுக்குப் போங்கள். மாநிலப் பூங்காவின் நுழைவாயில் பக்கத்திலேயே ஸ்பானியர்கள் கல் வெட்டிய குழிகள் மரங்களுக்கு நடுவே இருக்கின்றன, வெட்டிய தடம் இன்றும் தெரிகிறது. பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள், நடை பத்து நிமிடம்தான். கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் கிடைத்தால் தெற்கே 15 மைலில் ஃபோர்ட் மட்டான்சாஸ், 1740 முற்றுகைக்குப் பிறகு பின்வாசலைக் காக்கக் கட்டிய சின்னக் கோட்டை. நுழைவு இலவசம், தீவுக்குப் போகிற படகும் இலவசம், ஆனால் வானிலையைப் பொறுத்துப் படகு நின்றுவிடும், காலையில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.